பூவுக்காக நிற்கும் ஆப்பிள் மரம்

சித்திரை பிறந்த வாரம். இமாச்சலப் பிரதேசத்தில், சிம்லாவைத் தாண்டி நார்கண்டாவிலிருந்து கீழே இறங்கினால் கோட்கர், தானேதார் என்று வரிசையாக ஆப்பிள் ஊர்கள் வருகின்றன. மலைச்சரிவு முழுவதும் படிப்படியாகத் தோட்டங்கள். வெகு ஆழத்தில் சட்லஜ் ஆறு ஒரு வெள்ளை நூலாகத் தெரிகிறது. கொடைக்கானல் மேல்மலையிலிருந்தும் நீலகிரியிலிருந்தும் கண்டுணர்வுச் சுற்றுலாவாக வந்திருந்த விவசாயிகள் 20 பேர், ஒரு தோட்டத்து வாசலில் வேனை விட்டு இறங்கியதும் உள்ளே போகவில்லை. வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

வாசலில் ஒரு மரம். இலையே கண்ணுக்குத் தெரியவில்லை. அடிக்கிளையிலிருந்து நுனிக்கொம்பு வரை வெள்ளைப் பூ. பக்கத்தில் போனால் காது நிறையத் தேனீ இரைச்சல். உள்ளே இருந்த ஆப்பிள் மரங்களிலும் பூ இருந்தது. ஆனால் அங்கொரு கொத்து, இங்கொரு கொத்து என்று இளஞ்சிவப்பு மொட்டாக இப்போதுதான் விரியத் தொடங்கியிருந்தது. இந்த மரத்தைப் போல எதுவும் இல்லை. ஆளாளுக்குக் கைப்பேசியை எடுத்தார்கள்.

வந்தவர்களில் மேல்மலைக்காரர் ஒருவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்தி பேசுவார். தோட்டத்துப் பெரியவரிடம் அவர்தான் கேட்டார், இது என்ன ரகம், பெட்டிக்கு என்ன விலை போகும் என்று.

"இது விற்கிற மரம் இல்லை, ஃபௌஜி சாப்" என்றார் பெரியவர். "காய்க்கும். நாங்கள் பறிக்கிறதில்லை. குருவிக்கும் கரடிக்கும் விட்டுவிடுவோம்."

காய் என்ன அளவு இருக்கும் என்று கேட்டதற்கு, சட்டைப் பொத்தானைத் தொட்டுக் காட்டினார். நம் ஊர்க் கணக்கில் சுண்டைக்காயைவிடச் சற்றுப் பெரிசு. வாயில் வைத்தால் புளிப்பும் துவர்ப்பும்தான்.

மேல்மலைக்காரருக்கு அது பிடிபடவில்லை. ஒரு மரம் நிற்கிற இடம் மலையில் எவ்வளவு பெறும் என்று அவருக்குத் தெரியும். கல் அடுக்கி, மண் சுமந்து உண்டாக்கிய படி நிலம். அதில் விலைபோகிற ராயல் டெலிஷியஸை விட்டுவிட்டு, பறிக்காத காய்க்கு இடம் கொடுப்பதா? சாலையோரத்தில் அழகுக்கு நிற்கிறது என்று நினைத்துக்கொண்டார். அழகுக்கு வந்த மரம்தான். ஆனால் அந்தத் தோட்டத்தில் அது நிற்பதற்குக் காரணம் வேறு. அந்தக் காரணத்தைப் பெரியவர் கற்றுக்கொள்ளப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. சும்மாவும் கற்கவில்லை, விலை கொடுத்துக் கற்றிருக்கிறார்.

கிராப் ஆப்பிள் என்பது தனி ஒரு ரகத்தின் பெயர் இல்லை. ஆப்பிள் இனத்தில் சிறு காய் காய்க்கிற காட்டு வகைகளுக்கும், அவற்றிலிருந்து பூவுக்காகத் தேர்ந்தெடுத்த ரகங்களுக்கும் சேர்த்து வழங்குகிற பெயர். இமயமலையிலேயே ஒரு காட்டு வகை உண்டு. அதன் விதையைக் குளிரில் ஈரமணலில் இரண்டு மூன்று மாதம் வைத்திருந்து முளைக்கவைத்து, வேர்ச்செடியாக வளர்த்து, அதன் மேல்தான் அந்தப் பக்கத்தில் வெகுகாலமாக ஆப்பிள் ஒட்டுக் கட்டி வருகிறார்கள். ஜப்பான், சீனா, சைபீரியப் பகுதிகளிலிருந்து போன வகைகளை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பூங்காவிலும் வீட்டு முற்றத்திலும் நட்டு, வெள்ளை, ரோஜா நிறம், கருஞ்சிவப்பு என்று நூற்றுக்கணக்கில் ரகங்கள் எடுத்துவிட்டார்கள். ஸ்னோடிரிஃப்ட், கோல்டன் ஹார்னெட், மஞ்சூரியன் போன்ற பெயர்கள் அப்படி வந்தவை. குளிர்காலம் முழுக்கக் குச்சியாக நின்றுவிட்டு, வெயில் திரும்பியதும் ஒரே வாரத்தில் உடம்பெல்லாம் பூக்கிற மரம். அதைப் பார்க்கத்தான் அங்கே வளர்க்கிறார்கள்.

கோட்கரின் ஆப்பிள் கதை தனிக்கதை. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து 1904-ல் இந்தியாவுக்கு வந்த சாமுவேல் ஸ்டோக்ஸ் என்பவர் இங்கேயே தங்கி, இந்தப் பெண்ணையே மணந்து, பிற்பாடு சத்யானந்த் என்று பெயரும் மாற்றிக்கொண்டார். 1916-வாக்கில் அவர் கொண்டுவந்து நட்ட டெலிஷியஸ் கன்றுகளிலிருந்துதான் இந்த மலையின் தலையெழுத்து மாறியது. அதுவரை உருளைக்கிழங்கும் கோதுமையும் விளைந்த படிகள் ஆப்பிளுக்குப் போயின. பெரியவரின் அப்பாவும் அப்படி மாறியவர். அவர்தான் சிம்லாவில் ஒரு பங்களாத் தோட்டத்திலிருந்து ஒரு கிராப் ஆப்பிள் கன்றை வாங்கி வந்து வாசலில் நட்டவர். எதற்கு நட்டார் என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் தெரியாது. அழகாக இருந்திருக்கும், கேட்டு வாங்கியிருப்பார், அவ்வளவுதான்.

அந்தக் காலத்துத் தோட்டத்தில் ரகங்கள் கலந்து இருந்தன. சிவப்பு டெலிஷியஸ், மஞ்சளாகக் கோல்டன் டெலிஷியஸ், இன்னும் பெயர் மறந்துபோன சில. ராயல் டெலிஷியஸுக்கு மண்டியில் விலை ஏற ஏற, மற்ற ரகங்கள் ஒவ்வொன்றாக வெளியே போயின. மஞ்சள் ஆப்பிளுக்கு விலை பாதிதான் என்றால் யார் வைத்துக்கொள்வார்கள்? பெரியவரும் எடுத்தார். ஊரே எடுத்தது. மேல் படிகள் நான்கும் ஒரே ரகமாயின. கடைசியில் வாசல் மரம் மட்டும் மிஞ்சியது. அதன் நிழல் விழுந்த இடத்தில் இரண்டு ராயல் வைக்கலாம் என்று அளந்து பார்த்தார். மனைவி வேண்டாம் என்றிருக்கிறார். அந்தக் காயில் அவர் வருஷாவருஷம் சட்னி போட்டு வைப்பார். வேறு காரணம் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. சட்னிக்கு ஒரு மரமா என்று பெரியவர் ஒரு மார்கழியில் வெட்டிவிட்டார்.

அடுத்த வருஷம் ஒன்றும் ஆகவில்லை. அதற்கடுத்த வருஷம் வெயில் நன்றாக அடித்த வசந்தம், காய்ப்பும் நன்றாகவே இருந்தது. இந்த விஷயத்தில் இதுதான் மோசம். தப்பு நடந்த வருஷமே அடி விழுந்தால் காரணம் புரிந்துவிடும். அடி விழுவதற்குள் நாலைந்து வருஷம் போய்விட்டால், விவசாயி வேறு எதையெல்லாமோ சந்தேகப்படுவார். மேல் படிகளில் பூ குறையவில்லை, காய்தான் குறைந்தது. பெரியவர் உரத்தைக் கூட்டினார். போரான் தெளித்தார். காய்ப்பிடிப்புக்கு என்று கடையில் கொடுத்ததையெல்லாம் வாங்கினார். கிளையைக் கவாத்து செய்தது சரியில்லை என்று ஆளை மாற்றினார். 400 பெட்டி எடுத்த மேல் படிகளில் 250 எடுப்பது வழக்கமாகிவிட்டது. அதிலும் பாதிக் காய் கோணல். கோணல் காய்க்குப் பெட்டியில் இடமில்லை, சாறு ஆலைக்குத்தான். கிசான் கார்டில் எடுத்த கடனுக்கு வட்டி மட்டும் கட்டிக்கொண்டு போன வருஷங்கள் உண்டு.

இதற்கிடையில் மனைவி இறந்துபோனார். வீட்டுக்கு மருமகள் வந்தாள். அவள் பிறந்த வீடும் ஆப்பிள் வீடுதான். ஒரு அறுவடையின்போது தரம் பிரிக்கிற இடத்தில் உட்கார்ந்து, மேல் படிக் காய் 20, கீழ் படிக் காய் 20 எடுத்து, ஒவ்வொன்றையும் குறுக்கே வெட்டி வரிசையாக வைத்தாள்.

ஆப்பிளை நெடுக்கே வெட்டாமல் குறுக்கே வெட்டினால் நடுவில் நட்சத்திரம் போல ஐந்து அறை தெரியும். ஓர் அறைக்கு இரண்டு விதை. எல்லாம் சரியாக நடந்திருந்தால் பத்து விதை இருக்கலாம். விதை உள்ள பக்கம் சதை வளரும், விதை இல்லாத பக்கம் சுருங்கும். கோணல் காய் என்பது பாதி அறை காலியாக உள்ள காய். கீழ் படிக் காயில் ஏழு, எட்டு விதை இருந்தது. மேல் படிக் காயில் இரண்டு, மூன்று. சிலவற்றில் ஒன்றே ஒன்று.

"பிதாஜி, இது உரக் குறை இல்லை. பூவுக்கு மகரந்தம் போய்ச் சேரவில்லை" என்றாள்.

"பூ கொள்ளாமல் இருந்ததே பேட்டா, நீயும்தானே பார்த்தாய்?"

"எல்லாம் ஒரே ரகத்துப் பூ. ஒன்றுக்கொன்று உதவாது."

கீழ் படிகளை ஒட்டிப் பக்கத்துத் தோட்டக்காரர் நாலு கோல்டன் டெலிஷியஸை எடுக்காமல் வைத்திருந்தார். சோம்பலில் விட்டது என்று ஊரில் பேச்சு. அந்தச் சோம்பல்தான் பெரியவரின் கீழ் படிகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. மேல் படிகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது வாசல் மரம். அவருக்கு அன்றைக்குத்தான் கணக்கு நேரானது.

இங்கே விஷயத்தைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். டெலிஷியஸ் வகை ஆப்பிள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஆணும் பெண்ணும் ஒரே பூவில் இருந்தாலும், தன் இனத்து மகரந்தத்தூள் சூல்முடியில் விழுந்தால் அதை வளரவிடாது. ராயல் டெலிஷியஸ் ஆயிரம் மரம் நின்றாலும் அவை எல்லாம் ஒட்டுக் கட்டிப் பெருக்கிய ஒரே மரம்தான். ஆகவே பக்கத்து மரத்துத் தூளும் செல்லாது. வேறு ரகத்து மகரந்தம் வேண்டும், அதே நாளில் வேண்டும், அதைச் சுமந்து வரத் தேனீ வேண்டும். ஒரு கொத்தில் ஐந்தாறு பூ இருந்தால் நடுப்பூ முதலில் விரியும். பெரிய காய் அதில்தான் வரும். விரிந்த பூ மகரந்தத்தை ஏற்பது சில நாட்கள் மட்டும்தான்.

நூறு பூவில் ஐந்து முதல் பத்து வரை காயானாலே மரத்துக்கு நிறைந்த சுமை. அப்படியிருக்கும்போது ஏன் இவ்வளவு கவலை என்று கேட்கலாம். வெயில் அடிக்கிற வருஷத்தில் கவலை இல்லைதான். தேனீ எங்கிருந்தாவது கொண்டுவந்துவிடும். பூக்கிற பத்து நாளும் மழையும் பனிக்காற்றுமாக இருக்கிற வருஷத்தில், தேனீ வெளியே வருவதே நடுப்பகலில் ஓரிரு மணி நேரம். பெட்டியில் வளர்க்கிற இத்தாலியத் தேனீ 12, 13 டிகிரிக்குக் கீழே அவ்வளவாகப் புறப்படாது. நம் அடுக்குத் தேனீ அதைவிடக் குளிரிலும் வேலை செய்யும். அந்த மலையில் பழைய வீடுகளின் சுவரிலேயே பொந்து விட்டு, வெளிப்பக்கம் ஒரு துளையும் உள்பக்கம் ஒரு பலகையும் வைத்து, அடுக்குத் தேனீயைக் குடிவைத்திருப்பார்கள். அந்த ஓரிரு மணி நேரத்தில் தேனீ வெகுதூரம் போகாது. இந்த மரம், அடுத்த மரம், அதற்கடுத்தது என்று வரிசையிலேயே போகும். எனவே உதவுகிற பூ பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

அந்த உதவிக்கு எத்தனை மரம்? மூன்றாவது வரிசைதோறும் மூன்றாவது மரம் என்பது பழைய கணக்கு. அது ஒன்பதில் ஒன்று. இமாச்சலின் நிலையில்லாத வசந்தத்துக்கு அது போதாது, மூன்றில் ஒரு பங்கு வரை வேண்டும் என்று தோட்டக்கலைக்காரர்கள் சொல்கிறார்கள். சொல்வது எளிது. மூன்றில் ஒரு பங்கு நிலத்தை விலை குறைந்த ரகத்துக்குக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? இந்த இடத்தில்தான் கிராப் ஆப்பிள் உதவுகிறது. அதற்கென்று தனி இடம் தேவையில்லை. இரண்டு ஆப்பிள் மரத்துக்கு நடுவில் ஒல்லியாக வளர்த்துக்கொள்ளலாம், அல்லது ஆப்பிள் மரத்திலேயே ஒரு கிளையில் ஒட்டுக் கட்டிவிடலாம். ஒரு சாதாரண ஆப்பிள் மரத்தைவிடப் பல மடங்கு பூ, அதிலும் இளம் மரத்திலேயே. பூவுக்காகத் தேர்ந்தெடுத்த மரம் என்பதால் வந்த வசதி இது.

பெரியவர் முதலில் செய்ததும் தப்பாகப் போனது. மருமகள் சொன்ன மறு குளிர்காலமே, சாலையோரம் கன்று விற்ற ஒருவரிடம் கிராப் ஆப்பிள் என்று கேட்டு ஆறு கன்று வாங்கி நட்டார். மூன்றாம் வருஷம் அவை பூத்தன. கருஞ்சிவப்புப் பூ. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். தேனீ மட்டும் கண்டுகொள்ளவில்லை. தேனீக்கு ஒரு குணம் உண்டு. காலையில் எந்த நிறப் பூவில் தொடங்கியதோ அதே நிறத்தைத்தான் அன்றைக்கு நாடும். வெள்ளையும் வெளிர் ரோஜாவுமாக ஆப்பிள் பூத்திருக்கிற தோட்டத்தில் கருஞ்சிவப்புக்கும் இதற்கும் மாறி மாறிப் போவது குறைவு. வீட்டு முற்றத்துக்குச் சிவப்புப் பூ சரி. தோட்டத்துக்கு வெள்ளைப் பூதான் சரி. அந்த ஆறில் நான்கின் தலையை வெட்டி வேறு ஒட்டுக் கட்டினார்கள். இரண்டை மருமகள் விட்டுவைக்கச் சொன்னாள். இப்போதும் வீட்டுப் பின்புறம் நிற்கின்றன.

இரண்டாவது தடவை ஸ்னோடிரிஃப்ட், மஞ்சூரியன் இரண்டிலும் ஒட்டுக்குச்சி வாங்கினார்கள். மஞ்சூரியன் சற்று முந்திப் பூக்கும், ராயலின் முதல் பூவுக்கு ஆகும். ஸ்னோடிரிஃப்ட் அதற்குப் பிந்தி வந்து கடைசிப் பூ வரை நிற்கும். ஒன்றை மட்டும் நம்பினால், குளிர் விலகுகிற தேதி மாறுகிற வருஷத்தில் இது பூத்து முடிந்த பிறகு அது பூக்கும். மரம் உறக்கத்தில் இருக்கும்போதே எடுத்து ஈரமணலில் வைத்திருந்த குச்சிகளை, பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் வரை மேல் இரண்டு படிகளில் மரத்துக்கு ஒரு கிளை வீதம் கட்டினார்கள். எல்லாப் படிகளிலும் கட்டப் பெரியவருக்குத் துணிவு வரவில்லை. கிளை போனால் அந்தக் கிளையின் காயும் போகுமே என்று மற்ற இரண்டு படிகளை விட்டுவைத்தார். ஒட்டு ஒட்டியதா என்று அவரே தினமும் போய்ப் பார்த்தார். பிளாஸ்டிக் நாடாவை அவிழ்க்க மறந்து இரண்டு கிளை கழுத்து நெரிந்து ஒடிந்தது. மற்றவை மூன்றாம் வசந்தத்தில் பூத்தன.

அந்த வசந்தம்தான் எல்லாருக்கும் நினைவிருக்கிற வசந்தம். ராயல் விரிந்த மறுநாள் மழை பிடித்தது. இரண்டாம் நாள் மழையோடு பனிக்கட்டித் துணுக்கும் விழுந்தது. வாடகைக்கு வாங்கி வைத்த தேனீப் பெட்டிகள் மூடியபடியே கிடந்தன. மூன்றாம் நாள் மதியம் மேகம் விலகி ஒன்றரை மணி நேரம் வெயில் அடித்தது. சுவர்ப் பொந்திலிருந்து அடுக்குத் தேனீ புறப்பட்டது. பிறகு மறுபடி மழை. ஊரில் பலர் வேறு ரகத்துப் பூங்கொம்புகளை வெட்டி, தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் பாட்டிலில் செருகி மரத்துக்கு மரம் கட்டித் தொங்கவிட்டார்கள். இது இமாச்சலில் வழக்கமாகச் செய்கிற வைத்தியம்தான், கொம்பு கிடைத்தால். அந்த வருஷம் கொம்புக்கே தட்டுப்பாடு.

ஜூன் மாதம், இயற்கையாகப் பிஞ்சு உதிர்ந்து முடிந்த பின் பார்த்தால், ஒட்டுக் கட்டிய இரண்டு படிகளில் முக்கால் காய்ப்பு நின்றது. விட்டுவைத்த இரண்டு படிகளில் மரத்துக்கு ஒரு கூடை தேறவில்லை. ஒரே மண், ஒரே உரம், ஒரே மழை. நடுவில் ஒரு கல்சுவர்தான் வித்தியாசம். பெரியவர் அந்தச் சுவரில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்ததாக மருமகள் சொல்கிறாள். அந்தக் குளிர்காலத்தில் வாசலில் தாம் நட்ட இரண்டு ராயலில் ஒன்றை, நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்ததை, வேரோடு எடுத்துவிட்டு அந்தக் குழியில் ஸ்னோடிரிஃப்ட் வைத்தார். மருமகள் வேறு இடத்தில் வைக்கலாமே என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். கேட்கவில்லை. பழைய குழியில் மறுபடி ஆப்பிள் இனம் வைத்தால் வளர்ச்சி குன்றும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. மண்ணைக் கொஞ்சம் மாற்றி, தொழுவுரம் கூட்டிப் போட்டு வைத்தார். தமிழ்நாட்டுக்காரர்கள் நின்று படம் எடுத்தது அந்த மரத்தைத்தான். வயது எட்டு.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. உறக்கக் காலமான டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் நட வேண்டும். ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். கவாத்துதான் ஆப்பிளுக்கு நேர்மாறு. ஆப்பிளுக்குக் குளிர்காலத்தில் கவாத்து. தோட்டத்துக் கிராப் ஆப்பிளுக்கோ பூ உதிர்ந்த கையோடு கவாத்து. அது ஒரு வயதுக் குச்சியிலேயே பூ விடும். பூத்தவுடன் வெட்டினால் அந்தக் கோடையில் வளர்கிற புதுக்குச்சி முழுவதும் அடுத்த வருஷத்துக்குப் பூமொட்டு கட்டிக்கொள்ளும். மரமும் ஒல்லியாக, பக்கத்து மரத்துக்கு நிழல் கொடுக்காமல் நிற்கும். குளிர்காலத்தில் வெட்டுவது பூவையே வெட்டுவதாகும்.

நோயைப் பார்த்துத்தான் ரகம் எடுக்க வேண்டும். சொறி நோய்க்கு இடம் கொடுக்கிற கிராப் ஆப்பிளை நடுத்தோட்டத்தில் வைத்தால் அதுவே நோய்க்கு நாற்றங்கால் ஆகிவிடும். சொறி நோய் 1973-ல் காஷ்மீரையும் 1983-ல் இமாச்சலையும் படுத்திய பாடு பழைய ஆட்களுக்கு மறக்காது. இந்த நோய்க்கு எதிர்ப்பு கிடைத்ததும் ஓர் அழகு மரத்திலிருந்துதான் என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிராண்டால் என்பவர் 1914-ல் ரோம் பியூட்டி ஆப்பிளை, பூவுக்காக வளர்க்கிற ஜப்பானியக் கிராப் ஆப்பிள் ஒன்றோடு கலந்தார். நோய் எதிர்ப்பு அவர் தேடிய விஷயம் அல்ல. அந்தச் செடிகளின் வழியில் சொறி நோய் ஏறாதவை இருப்பதைப் பல வருஷம் கழித்து வேறு விஞ்ஞானிகள் கவனித்தார்கள். திரும்பத் திரும்ப நல்ல ஆப்பிளோடு கலந்து, 1970-ல் பிரிமா என்ற ரகம் வெளிவந்தது. அதற்குப் பிறகு வந்த சொறி தாங்கும் ரகங்களில் பெரும்பாலானவற்றில் அந்த ஜப்பானிய மரத்தின் ரத்தம் இருக்கிறது. 1914-ல் யாராவது வந்து, சுண்டைக்காய் காய்க்கிற மரத்தோடு என்ன வேலை என்று கேட்டிருந்தால் கிராண்டாலாலும் பதில் சொல்லியிருக்க முடியாது.

திரும்பி வரும்போது வேனில் மேல்மலைக்காரர் பக்கத்தில் இருந்த நீலகிரிக்காரரிடம், "ஏண்ணே, நம்ம பப்பாளித் தோட்டத்துல ஆண் மரத்தப் பிடுங்கிப் போட்டா என்ன ஆகும், அதே கதைதான இது?" என்றார். அதே கதைதான். ஆண், பெண் தனித்தனியாக வருகிற கோ.2 போன்ற பப்பாளியில் 15 முதல் 20 பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் விட வேண்டும் என்பது நம் பரிந்துரை. காய்க்காத மரம் என்று அதையும் சேர்த்துக் களைந்தவர்கள் உண்டு. வீரிய ரக விதை உற்பத்தி செய்கிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், ஆண் வரிசை இல்லாமல் அங்கே மகசூலே கிடையாது.

மேல்மலைக்காரருக்கு இன்னொரு ஆசையும் வந்திருந்தது. ஊர் திரும்பியதும் கேள்வியாகவே கேட்டுவிட்டார். கொடைக்கானலில் சாலையோரமாக அவருக்கு 40 சென்ட் பேரித் தோட்டம். மரங்கள் பழசு. மகன் அவற்றை எடுத்துவிட்டுத் தங்கும் விடுதி கட்டலாம் என்கிறான். விடுதிக்கு முன்னால் இந்தக் கிராப் ஆப்பிளை வரிசையாக வைத்தால் பூப் பார்க்கக் கூட்டம் வருமே, செய்யலாமா?

செய்யலாம், ஆனால் கோட்கரில் பார்த்த பூ கொடைக்கானலில் கிடைக்காது. டெலிஷியஸ் ஆப்பிளுக்கு 7 டிகிரிக்குக் கீழே ஒரு குளிர்காலத்தில் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் குளிர் வேண்டும். பூவுக்குப் பேர்போன கிராப் ஆப்பிள் ரகங்களும் குளிர் நாட்டு மரங்கள்தான். மேல்மலையில் மார்கழி, தையில் இரவில் உறைபனி விழுகிறது, உண்மை. காலை பத்து மணிக்கு வெயில் ஏறிவிடுகிறது. இரவில் சேர்ந்த குளிரில் ஒரு பங்கைப் பகல் கரைத்துவிடும். குளிர் போதாத மரம் சாவதில்லை. எப்போது எழுவது என்று தெரியாமல் நிற்கும். நுனியில் மட்டும் தழைத்து, நடுக்கொம்பு மொட்டையாக இருக்கும். ஒரு கிளையில் தையில் நாலு பூ, இன்னொன்றில் பங்குனியில் நாலு பூ. இந்தோனேசியாவில் ஜாவாவின் பாத்து மலைப்பகுதியில் குளிரே இல்லாமல் ஆப்பிள் எடுக்கிறார்கள். அறுவடை முடிந்ததும் இலையைக் கையால் உருவிவிட்டு மொட்டைக் கிளப்புகிறார்கள். அது காய்க்கு விலை இருப்பதால் கட்டுபடியாகிற கூலி. வெறும் பூவுக்கு அந்தக் கூலி கட்டாது. கொடைக்கானலுக்குத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் குறைந்த குளிரில் வரும் ஆப்பிள், பேரி, பிளம்ஸ் ரகங்களைத் தேர்ந்து கொடுத்திருப்பதே இந்தக் காரணத்தால்தான். ஆசைக்கு இரண்டு கிராப் ஆப்பிள் வைத்துப் பார்க்கட்டும். 40 சென்ட்டையும் அதற்காகக் காலி செய்ய வேண்டாம்.

அவர் காலி செய்யவில்லை. அதற்குக் காரணம் மேலே சொன்ன பதிலா, அவர் வீட்டம்மாவா என்று தெரியாது. மகன் விடுதிக்கு வரைபடம் போட்டு வைத்திருந்தான். அந்த அம்மா, "பேரி பூத்து முடியட்டும்டா, பொறவு பேசுவோம்" என்றிருக்கிறார். தையில் பூத்தது. பேரியும் உடம்பெல்லாம் வெள்ளையாகப் பூக்கிற மரம்தான். பிறந்ததிலிருந்து பார்க்கிறவர்கள் நின்று பார்ப்பதில்லை. சாலையில் போன இரண்டு கார் நின்றது. மகன் விடுதியைத் தோட்டத்தின் பின்மூலைக்கு நகர்த்தி வேறு வரைபடம் போடச் சொல்லியிருக்கிறான். அதிலும் ஆறு மரம் போகும். அந்த ஆறில் எது எந்த ரகம், எது பூக்கிற நாளில் எது பூக்கிறது என்று மேல்மலைக்காரர் இப்போது மரத்துக்கு மரம் சுண்ணாம்பில் எண் போட்டு ஒரு நோட்டில் எழுதி வருகிறார். இரண்டு தேனீப் பெட்டியும் வாங்கி வைத்தாயிற்று. ஆடியில் காய் இறங்கும்போது குறுக்கே வெட்டி விதை எண்ணிப் பார்த்துவிட்டு, எந்த ஆறு மரம் என்று மகனிடம் சொல்வதாக இருக்கிறார்.